கைப்பழக்கமும் வரைகுறிப்பேடும்: கான்ஸ்டபிள், ஹொக்குசாய் ஆகியோரின் அன்றாட வரைதல் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓவியர் ஒருவர் நாள்தோறும் வரைவதைப் பிறவித் திறன் என்றோ மனவுறுதியின் பயன் என்றோ விளக்குவது வழக்கம். இக்கட்டுரை அவ்விளக்கத்தை மறுபரிசீலனை செய்கிறது. ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813, 1814 ஆம் ஆண்டுகளில் பயன்படுத்திய சிறு வரைகுறிப்பேடுகள், 1821, 1822 ஆம் ஆண்டுகளில் அவர் வரைந்த வான ஆய்வுகள், ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1842, 1843 ஆம் ஆண்டுகளில் காலைதோறும் வரைந்த சிங்க உருவங்கள் ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எளிதில் கைக்கு எட்டும் கருவி, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட பொருளும் பொழுதும், பார்வையாளர் இன்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே அன்றாட வரைதலைப் பழக்கமாக்கின என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: வரைகுறிப்பேடு, கோட்டோவியம், கைப்பழக்கம், கான்ஸ்டபிள், ஹொக்குசாய், ஓவியக் கல்வி

முன்னுரை

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தைக் கையின் பழக்கத்திற்கு உரியதாகக் கூறுகிறது. கொடை, தயை முதலிய பண்புகள் பிறவியோடு வருவன. ஓவியம், மொழி, கல்வி ஆகியன பழகுவதால் வருவன என்பது அப்பாடல் செய்யும் பாகுபாடு. ஓவியத் திறனைப் பிறவிக் குணங்களின் வரிசையில் வைக்காமல் பழக்கங்களின் வரிசையில் வைத்திருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. எனினும் நம் கல்விச்சூழலில் இப்பாடல் பெரும்பாலும் அறிவுரையாகவே பயன்படுகிறது. 'பழகு, வந்துவிடும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பழக்கம் எவ்வாறு உருவாகிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் முறிகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களுக்கு வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு விடை காண முடியும். ஸ்கெட்ச்புக் என்று ஓவிய மாணவர் வழங்கும் வரைகுறிப்பேடு அத்தகைய சான்று. முடிவுற்ற ஓவியம் ஓவியரின் தேர்ச்சியைக் காட்டும்; வரைகுறிப்பேடு அத்தேர்ச்சி திரண்ட நாள்களைக் காட்டும். அவ்வகையில் இரு வேறு பண்பாடுகளைச் சேர்ந்த இரு ஓவியர்களின் அன்றாட வரைதலை ஒப்புநோக்கி, பழக்கம் என்பதன் கூறுகளைப் பிரித்தறிய இக்கட்டுரை முயல்கிறது.

சான்றுகளின் இயல்பு

நாள்தோறும் வரைதல் என்னும் கருத்து பழமையானது. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க ஓவியர் அப்பெலிஸ், எவ்வளவு வேலை இருப்பினும் ஒரு கோடேனும் வரையாமல் ஒரு நாளையும் கழித்ததில்லை என்றும், அது பழமொழியாகவே வழங்கிற்று என்றும் உரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 35 ஆம் நூலில் எழுதியுள்ளார். அப்பெலிஸின் ஓவியம் ஒன்றும் இன்று எஞ்சவில்லை. பழக்கத்தைப் பற்றிய செய்தி மட்டுமே எஞ்சியுள்ளது. ஆகவே அதனை ஒரு மதிப்பீடாகக் கொள்ளலாமே தவிர, சான்றாகக் கொள்ள இயலாது.

சான்று எஞ்சிய இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பழக்கத்தை ஆராய்பவருக்குத் தனித்தாளின் அழகைக் காட்டிலும் தாள்களின் வரிசையே முதன்மையானது. எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள், எந்த நாளில் எத்தனை வரைவு என்பன ஏடு குலையாதிருந்தால்தான் தெரியவரும். ஆங்கில ஓவியர் டர்னர் 1851 இல் மறைந்தபின் நாட்டுடைமையான அவருடைய படைப்புகளில் சுமார் 300 வரைகுறிப்பேடுகள் இருந்தன. அவற்றை வகைப்படுத்தும் பணியை 1850களின் பிற்பகுதியில் மேற்கொண்ட கலைத்திறனாய்வாளர் ஜான் ரஸ்கின், சிறந்தவை எனக் கருதிய தாள்களைப் பிரித்தெடுத்துக் காட்சிக்கு ஏற்றவாறு அமைத்தார். அதனால் ஏடுகள் பல கட்டுக் குலைந்தன. பின்னர் ஃபின்பெர்க் 1909 இல் வெளியிட்ட விரிவான பட்டியலே அவ்வேடுகளின் அமைப்பை மீட்டறிய வழிசெய்தது. நல்ல தாளைக் காப்பாற்றும் ஆர்வமே நாள்களின் தொடர்ச்சியைச் சிதைத்துவிட்டது. இக்காரணத்தால் முழு ஏடாக எஞ்சியவையும் தேதி குறிக்கப்பட்டவையுமே இங்கு முதன்மைச் சான்றுகளாகத் தேர்ந்துகொள்ளப்பட்டன.

அழிக்கும் பலகையும் சேர்க்கும் ஏடும்

கி.பி. 1400 ஐ ஒட்டிய காலத்தில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய தொழிற்கையேடு, பயிலத் தொடங்கும் மாணவனுக்கு ஒரு சிறு மரப்பலகையைப் பரிந்துரைக்கிறது. எரித்துப் பொடியாக்கிய எலும்புச் சாம்பலை உமிழ்நீரில் குழைத்துப் பலகைமீது பூசி, உலர்ந்தபின் வெள்ளி எழுத்தாணியால் வரைய வேண்டும். பூச்சைப் புதுப்பித்தால் அதே பலகையில் மீண்டும் வரையலாம். சுமார் ஓராண்டு இவ்வாறு பழகிய பிறகே தாளுக்குச் செல்லலாம் என்கிறார் அவர். எவ்வளவு சிறிதாயினும் நாள்தோறும் ஏதேனும் வரையத் தவறக்கூடாது என்னும் அறிவுரையும் அந்நூலிலேயே உள்ளது. நாள்தோறும் வரையச் சொன்னவர், அதற்கு ஏற்ற மலிவான பரப்பையும் உடன் சொல்லியிருக்கிறார். தாள் விலைமிக்கதாக இருந்த காலத்தில் அழித்து எழுதும் பலகை இல்லாமல் அன்றாடப் பயிற்சி நடைமுறைக்கு வந்திராது. மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளி மாணவரின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சென்னினிக்கு ஏறத்தாழ நூறாண்டு பின்னர் லியோனார்டோ டா வின்சி வேறொரு முறையை வகுத்தார். எலும்புப்பொடி பூசிய தாள்களாலான சிறு ஏட்டை ஓவியர் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்; மாந்தர் பேசுவதையும் சண்டையிடுவதையும் சிரிப்பதையும் விரைந்த கோடுகளால் குறித்துக்கொள்ள வேண்டும்; அவற்றை அழிக்கக்கூடாது; ஏடு நிரம்பினால் எடுத்துவைத்துவிட்டு வேறோர் ஏட்டைத் தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. உருவங்கள் எண்ணிறந்தவை, நினைவாற்றலால் அவற்றைத் தாங்க இயலாது என்று அதற்குக் காரணமும் கூறுகிறார்.

இவ்விரு அறிவுரைகளுக்கும் இடையே நிகழ்ந்திருப்பது முதன்மையான மாற்றமாகும். சென்னினியின் பலகையில் பழக்கம் கையில் மட்டும் தங்குகிறது, வரைந்தது மறைகிறது. லியோனார்டோவின் ஏட்டில் கையின் பழக்கத்தோடு கண்டவற்றின் சேமிப்பும் வளர்கிறது. வரைகுறிப்பேடு என்று இன்று நாம் கருதுவது இந்த இரண்டாவது வழியில் வந்தது. எனினும் முதல் வழியின் விடுதலை உணர்வு, அதாவது வரைந்தது எவர் கண்ணிலும் படாது என்னும் உறுதி, பழக்கத்தின் இன்றியமையாத கூறாகத் தொடர்ந்தது என்பதைக் கீழ்வரும் சான்றுகள் காட்டும்.

கான்ஸ்டபிளின் இரு சிற்றேடுகள்

ஜான் கான்ஸ்டபிள் 1776 இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள கிழக்கு பெர்கோல்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மாவாலைகளின் உடைமையாளர். 1799 இல் இலண்டன் அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்த கான்ஸ்டபிள், கோடைகாலங்களில் சொந்த ஊருக்குத் திரும்பி வயல்களையும் ஸ்டூர் ஆற்றங்கரையையும் வரைவதை வழக்கமாகக் கொண்டார். 1813, 1814 ஆம் ஆண்டுகளின் கோடையில் அவர் பயன்படுத்திய இரு ஏடுகள் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவருடைய மகள் இசபெல் 1888 இல் அவற்றை வழங்கினார்.

ஏடுகளின் அளவு முதலில் கவனிக்கத்தக்கது. 1813 ஆம் ஆண்டு ஏடு சுமார் 9 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அகலமும் கொண்டது. சட்டைப்பையில் அடங்கும் அளவு. வரைகருவி பென்சில். மை, தூரிகை, நீர் எதுவும் தேவையில்லை. இந்த எளிமைக்குப் பின்னால் ஒரு தொழில் வரலாறு உண்டு. கம்பர்லாந்தின் பாரோடேல் பகுதியில் பதினாறாம் நூற்றாண்டு முதல் கிடைத்த தூய காரீயக்கரி ஆங்கில ஓவியருக்கு எளிதில் அழியாத, கைக்கு இசைந்த கோட்டைத் தந்தது. 1750களில் கெண்ட் மாவட்டத்தில் வாட்மன் ஆலை உருவாக்கிய வரியில்லா மென்தாள் பென்சில் கோட்டுக்கு ஏற்ற சீரான பரப்பாயிற்று. கான்ஸ்டபிளின் தலைமுறைக்கு முன்பு, இத்துணைச் சிறிய ஆயத்தத்தோடு வயலுக்குச் சென்று வரைவது எளிதாக இருந்ததில்லை.

ஏட்டின் உள்ளடக்கமும் அவ்வாறே எளியது. கலப்பை, மாடு, படகு, மரக்கிளை, தேவாலயக் கோபுரம், அறுவடையாளர் என அன்றாடம் கண்ணில் படுவனவே இடம்பெறுகின்றன. ஒரே பக்கத்தில் தொடர்பற்ற சிற்றுருவங்கள் பல நெருக்கமாக உள்ளன. எந்தப் பக்கமும் காட்சிக்காகத் திட்டமிடப்பட்டதாகத் தெரியவில்லை. 1814 இல் தம் காதலி மரியா பிக்னெலுக்கு எழுதிய கடிதத்தில், முந்தைய கோடையில் தாம் நிரப்பிய சிற்றேட்டை நாட்குறிப்பின் இடத்தில் வைத்துக் கான்ஸ்டபிள் குறிப்பிடுகிறார். நாட்குறிப்பு பற்றி மரியா முன்பு பேசியிருந்ததை நினைவுகூர்ந்து, தம்மிடமும் ஒன்று உண்டு; ஓய்வு நேர நடைகளில் தாம் பொறுக்கிச் சேர்த்த மரம், செடி, தொலைவுக் காட்சிகளின் துணுக்குகள் அதில் உள்ளன என்று தெரிவிக்கிறார். மரியாவின் பாட்டனார் அவர்களது திருமணத்தை எதிர்த்த காலம் அது. 1816 இல்தான் அவர்கள் மணந்துகொண்டனர். ஓவியர் தம் ஏட்டை யாருக்கும் காட்டும் படைப்பாகக் கருதாமல், நெருங்கிய ஒருவரிடம் மட்டும் பகிரத்தக்க நாள்வழிப் பதிவாகக் கருதினார் என்பதற்கு இக்கடிதம் நேரடிச் சான்றாகும்.

அத்துணுக்குகள் வீண்போகவில்லை. 1814 ஆம் ஆண்டு ஏட்டில் செப்டம்பர் 7 எனத் தேதியிட்ட சிறு கோட்டோவியம் ஒன்று, 1815 இல் அரச கலைக்கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஃப்ளாட்ஃபோர்டு ஆலையருகே படகு கட்டும் ஓவியத்தின் அமைப்பை முன்னறிவிக்கிறது. 1822 ஆம் ஆண்டின் ஸ்டூர் ஆற்றுக்காட்சி ஓவியமும் அதே ஏட்டின் பக்கங்களிலிருந்து வளர்ந்தது. எட்டாண்டுகள் கழித்துப் பயன்படும் என்று கருதி அவ்வரைவு செய்யப்படவில்லை. பயன் கருதாமல் சேர்ந்தது பின்னர்ப் பயன்பட்டது.

இவ்வேடுகளை 'நாள் தவறாத' பதிவு என்று மிகைப்படுத்துதல் ஆகாது. எல்லா வரைவுகளிலும் தேதி இல்லை. அவை உணர்த்துவது இடையறாத ஒழுங்கை விட, விட்டபின்னும் எளிதில் திரும்பத் தொடங்கக்கூடிய வழக்கத்தையே ஆகும். பழக்கம் பற்றிய விவாதத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது.

வானத்தைப் பதிந்த இரு கோடைகள்

மரியாவின் உடல்நலம் கருதி 1819 முதல் கான்ஸ்டபிள் குடும்பம் இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வீடெடுத்துத் தங்கத் தொடங்கியது. அங்கே 1821, 1822 ஆம் ஆண்டுகளில் வானத்தை மட்டும் பொருளாகக் கொண்டு தாளில் எண்ணெய் வண்ணத்தால் பல ஆய்வுகளை வரைந்தார். 1822 அக்டோபரில் நண்பர் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், சுமார் ஐம்பது வான ஆய்வுகளைக் கவனத்தோடு செய்து முடித்ததாகக் குறிப்பிடுகிறார்.

இத்தாள்களின் பின்புறத்திலுள்ள குறிப்புகள் வரலாற்றாய்வாளருக்குப் பெரும் பேறு. தேதி, பொழுது, பார்த்த திசை, காற்றின் போக்கு ஆகியன பலவற்றில் எழுதப்பட்டுள்ளன. மெல்பர்னிலுள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் தாள் ஒன்று 1822 செப்டம்பர் 5 நண்பகலில் தென்கிழக்கு நோக்கி வரையப்பட்டது. காற்று மிக விறுவிறுப்பாக வீசியதையும், மேகங்கள் விரைந்து நகர்ந்ததையும், இடையிடையே நீலவானம் ஒளியுடன் திறந்ததையும் அதன் குறிப்பு கூறுகிறது. வானிலை அறிஞர் ஜான் தோர்ன்ஸ் இத்தகைய குறிப்புகளை அக்கால வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1999 இல் நூலாக வெளியிட்டார்.

லூக் ஹோவர்ட் 1802 இல் முன்வைத்த மேக வகைப்பாடு கான்ஸ்டபிளைத் தூண்டியதா என்பது நெடுநாள் விவாதம். வளிமண்டலம் பற்றிய தாமஸ் ஃபார்ஸ்டரின் நூலைக் கான்ஸ்டபிள் வைத்திருந்ததும் அதில் குறிப்புகள் எழுதியதும் உறுதியான செய்திகள். ஆயினும் இக்கட்டுரையின் நோக்கில் கோட்பாட்டுத் தாக்கத்தைக் காட்டிலும் செயல்முறையே கருதத்தக்கது. 1813 இல் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தவர், 1822 இல் ஒரே பொருளைத் தேர்ந்து அதனையே திரும்பத் திரும்ப வரைந்தார். 'இன்று எதை வரைவது' என்னும் வினா அவருக்கு எழவில்லை. மேகம் நில்லாது, ஆகவே திருத்திக்கொண்டிருக்கவும் வழியில்லை. பொருளே வேகத்தை விதித்தது. இவ்வாய்வுகளை அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை. ஆனால் அவருடைய பிற்கால நிலக்காட்சிகளின் வானம் இவற்றின் பயனே.

ஹொக்குசாயின் காலைச் சிங்கங்கள்

கான்ஸ்டபிள் தம் இரண்டாம் ஏட்டை நிரப்பிய அதே 1814 இல், ஜப்பானின் நகோயா நகரில் ஹொக்குசாயின் 'மங்கா' முதல் தொகுதி வெளிவந்தது. மனிதர், விலங்கு, செடி, கருவி என ஆயிரக்கணக்கான சிற்றுருவங்களைக் கொண்ட அத்தொடர், 15 தொகுதிகளாக வளர்ந்து 1878 இல் நிறைவுற்றது. அதனை ஹொக்குசாயின் வரைகுறிப்பேடு என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று திருத்தத்திற்குரியது. மங்கா மாணவர் பார்த்துப் பழகுவதற்காக மரச்செதுக்கு முறையில் அச்சிடப்பட்ட மாதிரி நூல். தொடக்கம் முதலே அதற்கு வாசகர் இருந்தனர்.

ஹொக்குசாயின் உண்மையான அன்றாட வரைதலைக் காண வேறிடம் செல்ல வேண்டும். 1760 இல் பிறந்த அவர், 1842 இன் பிற்பகுதி முதல் 1843 வரை, எண்பது வயதைக் கடந்த நிலையில், காலைதோறும் ஷிஷி எனப்படும் சீனச் சிங்கத்தின் உருவத்தை மையால் வரைந்தார். தீமை விலக்கும் அன்றாடச் சடங்கு என்னும் பொருளில் இத்தொகுதி 'நிஷ்ஷின் ஜோமா' என வழங்குகிறது. தாள்கள் பலவற்றில் நாள் குறிக்கப்பட்டுள்ளது. இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள் இன்று கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. ஓடும் சிங்கம், உறங்கும் சிங்கம், மனிதரைப்போல் ஆடும் சிங்கம், சிங்க வேடமிட்ட ஆட்டக்காரர் எனப் பொருள் ஒன்றாயினும் நிலை நாள்தோறும் மாறுகிறது. கோடு விரைவானது, திருத்தம் அரிது.

1839 இல் நேர்ந்த தீவிபத்தில் ஹொக்குசாய் வீட்டையும் அங்கிருந்த வரைவுகளையும் இழந்திருந்தார். சேமித்தவை அனைத்தும் எரிந்தபின் ஓர் எண்பது வயது முதியவர் மீண்டும் காலைதோறும் வரையத் தொடங்குகிறார் என்பது சிந்திக்கத்தக்கது. சேமிப்பு மட்டுமே நோக்கமாயின் அப்பழக்கம் 1839 இலேயே முறிந்திருக்கும். சடங்கின் பயன் அன்றைய காலையோடு நிறைவடைகிறது. அதனால்தான் அது மறுநாளும் தொடங்குகிறது.

பழக்கத்தின் மூன்று கூறுகள்

மேற்கண்ட சான்றுகளை ஒப்புநோக்கும்போது மூன்று பொதுக்கூறுகள் புலப்படுகின்றன.

முதலாவது, கருவியின் அண்மை. சென்னினியின் பலகை, லியோனார்டோவின் சிற்றேடு, கான்ஸ்டபிளின் பென்சில், ஹொக்குசாயின் தூரிகையும் தனித்தாளும் ஆகியன வரைவதற்கு முன் செய்யவேண்டிய ஆயத்தத்தைக் குறைத்தன. ஆயத்தம் மிகுந்தால் தொடக்கம் தள்ளிப்போகும்.

இரண்டாவது, வரையறை. ஹொக்குசாய்க்குப் பொழுதும் பொருளும் வரையறுக்கப்பட்டிருந்தன. கான்ஸ்டபிளுக்கு 1813 இல் நடை என்னும் செயலே வரைதலின் எல்லையாயிற்று. 1822 இல் வானம் எல்லையாயிற்று. எதை, எப்போது என்னும் தெரிவுகள் முன்பே முடிந்துவிட்டமையால் கைக்கு வரைவது மட்டுமே எஞ்சியது.

மூன்றாவது, பார்வையாளர் இன்மை. கான்ஸ்டபிளின் ஏடுகளும் வான ஆய்வுகளும் ஹொக்குசாயின் சிங்கங்களும் விற்பனைக்கோ காட்சிக்கோ வரையப்படவில்லை. தவறான கோடு இங்கே இழப்பாகாது. நாள்தோறும் வரைபவர் நாள்தோறும் நன்றாக வரைய இயலாது. அந்த உண்மையை ஏற்கும் இடம் மூடிய ஏடு ஒன்றே.

மனவுறுதி இவற்றுள் இடம்பெறாமை வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று. சான்றுகள் மனவுறுதியை மறுக்கவில்லை. ஆனால் அதனைத் தனியே காட்டவும் இல்லை. அவை காட்டுவன பொருள்களும் பொழுதுகளும் இடங்களுமே.

சென்னைக் கலைக்கல்வியும் இவ்வினாவும்

இம்முடிவு நம் சூழலுக்கு அந்நியமானதன்று. 1850 இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் தெற்கு கென்சிங்டன் பாடமுறையின் செல்வாக்குக்கு உட்பட்டது. ரிச்சர்ட் ரெட்கிரேவ் 1850களில் வகுத்த அப்பாடமுறை 23 படிநிலைகளைக் கொண்டது. தட்டை மாதிரிகளைப் பார்த்துத் துல்லியமாகப் படியெடுத்தல் அதன் அடிப்படை. அதே தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்குத்தான் 1888 இல் கான்ஸ்டபிளின் ஏடுகள் வந்து சேர்ந்தன. விக்டோரியா ஆல்பர்ட் என்னும் பெயர் அதற்குப் பின்னரே ஏற்பட்டது. பேரரசெங்கும் சென்ற பாடமுறை ஒவ்வொரு கோட்டையும் திருத்துவதற்கும் மதிப்பிடுவதற்கும் உரியதாகக் கொண்டது. அதன் தாயகத்தில் வந்து சேர்ந்த ஏடுகளோ எவரும் திருத்தாத கோடுகளால் ஆனவை. இம்முரண் தனி ஆய்வுக்குரியது.

இன்றும் ஓவியக் கல்லூரிகளிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் வரைகுறிப்பேடு மதிப்பெண்ணுக்குரிய ஒப்படைப்பாக உள்ளது. எண்ணிக்கை நிர்ணயிக்கப்படுவதால் மாணவர் வரைகின்றனர் என்பது உண்மை. அதே வேளையில், மதிப்பிடுபவரின் கண் ஏட்டுக்குள் நுழைந்தவுடன் ஒவ்வொரு பக்கமும் காட்சிப் பக்கமாகிவிடுகிறது. தவறிய தாள் கிழிக்கப்படுகிறது. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய வாரத்தில் பல நாள்களின் வரைவுகள் ஒருசேர நிரப்பப்படுகின்றன. ரஸ்கின் டர்னரின் ஏடுகளுக்குச் செய்ததை மாணவர் தம் ஏட்டுக்குத் தாமே செய்துகொள்கின்றனர். தாள்களின் தரத்தை மதிப்பிடாமல், ஏடு குலையாமல் தேதியுடன் நிரம்பியுள்ளதா என்பதை மட்டும் நோக்கும் முறை இதற்கு ஒரு மாற்றாக அமையக்கூடும்.

முடிவுரை

ஔவையார் பாடல் ஓவியத்தைக் கையின் பழக்கம் என்றது. அப்பழக்கம் கைக்குள் மட்டும் இருப்பதன்று என்பதை வரைகுறிப்பேடுகளின் வரலாறு உணர்த்துகிறது. சட்டைப்பையின் அளவு, பென்சிலின் தன்மை, காலைப்பொழுது, ஒரே சிங்கம், ஒரே வானம், எவரும் பாராத பக்கம் ஆகிய புறநிலைகள் சேர்ந்தே கையைப் பழக்கின. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சஃபோக் வயல்களில் நடந்தவருக்கும் எண்பது வயதில் எதோ நகரில் தூரிகை எடுத்தவருக்கும் பொதுவாக இருந்தது இவ்வமைப்பே. பழக்கத்தை மாணவரின் குணமாகக் கருதி அறிவுறுத்துவதோடு அமையாமல், அது உருவாகும் சூழலை அமைத்துத் தருவது ஆசிரியரின் கடமையாகிறது. தமிழகக் கோயில்களிலும் கலைப்பள்ளிகளிலும் பணியாற்றிய ஓவியர்களின் வரைகுறிப்பேடுகள் குடும்பங்களிடம் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவற்றைத் தாள்களாகப் பிரிக்காமல் ஏடுகளாகவே காப்பதும் ஆவணப்படுத்துவதும் உடனடியாகச் செய்யவேண்டிய பணியாகும்.